பிளக் பொருந்தும், மின்சாரம் பொருந்துமா?

தலவாக்கலைக்கு அருகில் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"ஐயா, எங்கள் மகள் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறாள். அவளுக்கு டிசம்பரில் முதற்பிரசவம். நானும் கணவரும் நவம்பரில் புறப்பட்டு ஏப்ரல் வரை அங்கே தங்குவதாக ஏற்பாடு. பத்தியச் சாப்பாடு செய்து கொடுப்பதற்காக மிக்ஸி, மேசையில் வைத்து மாவரைக்கும் சிறிய கல் கிரைண்டர், ரைஸ் குக்கர் ஆகியவற்றையும், தண்ணீர் சுடவைக்கும் கொயில், அயன் ஆகியவற்றையும் எடுத்துச் செல்ல நினைக்கிறேன். கணவருக்கு ஆஸ்துமா இருப்பதால் அவருடைய நெபுலைசரும் வரும். ஹட்டனில் ஒரு கடையில், எந்த நாட்டுக்கும் சரியாக இருக்கும் என்று சொல்லி ஓர் அடாப்டர் தந்தார்கள். மருமகனோ அடாப்டர் மட்டும் போதாது என்கிறார். ஏன் என்று கேட்டால் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. எதை எடுத்துச் செல்லலாம், எதை விட்டுச் செல்ல வேண்டும்? திரும்பி வரும்போது மகள் தரவிருக்கும் பொருட்களை இங்கே பாவிக்கலாமா?"

மதிப்புக்குரிய ஆசிரியை அம்மாவுக்கு,

உங்கள் மருமகன் சொன்னது சரி. நீங்கள் வாங்கிய அடாப்டர், பிளக்கின் உருவத்தை மட்டுமே மாற்றும். நம் வீட்டுச் சதுர முனைப் பிளக்கை, கனடாச் சுவரில் உள்ள இரண்டு தட்டையான துளைகளுக்குள் செல்லும்படி ஆக்கித் தருவதுதான் அதன் முழு வேலை. அந்தத் துளைகளுக்குப் பின்னால் வரும் மின்சாரத்தை அது தொடுவதே இல்லை. இலங்கையில் நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் வருவது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். வோல்ட் என்பதைக் குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தத்தைப் போல எண்ணிக்கொள்ளுங்கள். ஹேர்ட்ஸ் என்பது, மின்னோட்டம் ஒரு செக்கனில் எத்தனை முறை முன்னும் பின்னுமாக ஓடி ஒரு சுற்றை முடிக்கிறது என்பதற்கான கணக்கு. இந்த இரண்டில் எது மாறினாலும் பொருளின் நடத்தை மாறும், ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே விதமாக மாறாது. அதனால் உங்கள் பட்டியலில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். எடுத்துச் செல்ல நினைக்கும் ஒவ்வொரு பொருளையும் கவிழ்த்து, அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் சிறிய தகட்டைப் படியுங்கள். எழுத்து மிகச் சிறியதாக இருக்கும். கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது இலகு. "இன்புட்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால், அந்தப் பொருள் உலகின் ஏறத்தாழ எல்லா நாட்டு மின்சாரத்தையும் தானே ஏற்றுக்கொள்ளும். அதற்கு அடாப்டர் மட்டும் போதும். கைத்தொலைபேசி, மடிக்கணினி, டேப்லெட் ஆகியவற்றின் சார்ஜர்கள் அநேகமாக இந்த வகையே. 220-240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், அது நம் நாட்டைப் போன்ற மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. உங்கள் மிக்ஸி, கிரைண்டர், ரைஸ் குக்கர், கொயில், அயன் ஐந்திலும் இந்த இரண்டாவது வகை எழுத்தைத்தான் நீங்கள் காண்பீர்கள் என்பதை இங்கிருந்தே சொல்லிவிடலாம்.

சூடாக்கும் பொருட்களை முதலில் எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் கொயிலை 120 வோல்ட்டில் மாட்டினால் பாதி வெப்பமாவது வரும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் வெப்பம் வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால் அது ஏறத்தாழ 270 வாட்டுக்கு, அதாவது கால் பங்கைச் சற்றே தாண்டிய அளவுக்குக் குறைந்துவிடும். இங்கே பத்து நிமிடத்தில் சுடும் தண்ணீர் அங்கே நாற்பது நிமிடம் ஆகியும் சுடாது. 700 வாட் ரைஸ் குக்கர் 190 வாட்டில் அரிசியை வேகவைக்காமல் ஊறவைத்துக்கொண்டிருக்கும். இவற்றால் தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு, பயனும் இல்லை. கொயிலைப் பொறுத்தவரை இன்னொன்றும் சொல்ல வேண்டும். கனடா வீடுகளில் குளியலறைக் குழாயைத் திறந்தாலே சுடுநீர் வரும். நுவரெலியாக் குளிரில் வாளிக்குள் கொயிலைப் போட்டுவிட்டுக் கதவருகே காத்திருக்கும் பழக்கத்தை அங்கே கொண்டு போக வேண்டிய தேவையே இல்லை. இங்கேயும் அந்தக் கொயில் எனக்குப் பிடித்த பொருள் அல்ல. உலோக வாளி, ஈரத் தரை, வெறுங்கால் மூன்றும் சேரும் இடத்தில், சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றும் முன் தண்ணீருக்குள் விரலை விட்டுச் சூடு பார்க்கும் ஒரு கணம் போதும். கொயிலை விட்டுச் செல்லுங்கள்.

மோட்டார் உள்ள பொருட்கள் வேறு கதை. தேயிலைத் தொழிற்சாலைகளின் மின் வேலையோடு நீண்ட காலம் பழகியவன் என்ற முறையில் இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் கல் கிரைண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் இன்டக்ஷன் மோட்டார். அதன் சுழற்றும் வலுவும் வோல்ட்டின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. 120 வோல்ட்டில் அதன் வழமையான வலுவில் கால் பங்குதான் கிடைக்கும். உள்ளே ஊறிய உழுந்தும் அதன் மேல் கல்லும் இருக்கும்போது அந்த வலு கல்லை அசைக்கப் போதாது. நீங்கள் சுவிட்சைப் போட்டதும் ஒரு முனகல் மட்டும் கேட்கும், கல் நகராது. சுழலாமல் நிற்கும் மோட்டார், சுழலும் மோட்டாரைப் போல மின்சாரத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளாது. தன் சுருளுக்குள் வந்ததை எல்லாம் வெப்பமாக மாற்றிக்கொண்டே இருக்கும். சற்று நேரத்தில் வார்னிஷ் வேகும் ஒரு கசப்பான மணம் வரும். அந்த மணத்தைத் தொழிற்சாலையில் ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால், தேன் நிறத்தில் பளபளக்க வேண்டிய செப்புக் கம்பிகள், அடுப்பில் விழுந்த நூலைப் போலக் கறுத்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். முனகல் கேட்டும் கல் சுழலவில்லை என்றால், சில செக்கன்களுக்குள் பிளக்கைக் கழற்ற வேண்டும். கையால் கல்லைத் தள்ளிவிட்டுப் பார்ப்போம் என்று ஒருபோதும் முயல வேண்டாம்.

மிக்ஸியின் மோட்டார் வேறு வகை. அது 120 வோல்ட்டிலும் சுழலும். ஆனால் சோர்ந்து சுழலும், தேங்காயையோ காய்ந்த மிளகாயையோ போட்டதும் நின்றுவிடும். நின்றபின் அதற்கும் மேலே சொன்ன கதிதான்.

அப்படியானால் 120 வோல்ட்டை 230 ஆக உயர்த்தித் தரும் டிரான்ஸ்போமர் ஒன்றை வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். வாங்கலாம், அங்கே கிடைக்கும். 750 வாட் மிக்ஸிக்கு, அது சுழலத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மேலதிக மின்சாரத்தையும் கணக்கில் எடுத்தால், 1500 வாட்டாவது தாங்கும் டிரான்ஸ்போமர் வேண்டும். தூக்கிப் பார்த்தால் அது ஒரு கருங்கல்லைப் போலக் கனக்கும். அத்துடன் டிரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. 50 ஹேர்ட்ஸுக்குச் செய்த இன்டக்ஷன் மோட்டார் 60 ஹேர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான வேகத்தில் சுழல முயலும். உங்கள் கிரைண்டரின் கல்லும் பெல்ட்டும் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

டிரான்ஸ்போமர் என்ற பெயரிலோ கன்வேட்டர் என்ற பெயரிலோ உள்ளங்கைக்குள் அடங்கும் இலேசான ஒரு பெட்டியும் விற்கிறார்கள். மேலே 1600 வாட், 2000 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். இவற்றில் பல, மின்சார அலையின் ஒரு பகுதியை வெட்டிக் குறைத்துக் கொடுக்கும் மின்னணுச் சாதனங்கள், 120 வோல்ட்டை உயர்த்தித் தருபவை அல்ல. வெறும் சூட்டுக் கம்பி மட்டும் உள்ள பொருளுக்குச் சிறிது நேரம் பாவிக்கவே அவை ஏற்றவை. மோட்டாரையோ, சார்ஜரையோ, மருத்துவக் கருவியையோ அவற்றில் மாட்டினால் கருவி கெடும், சில வேளைகளில் பெட்டியும் சேர்ந்து எரியும். அந்தப் பெட்டியின் இலேசான கனத்தைக் கண்டு அதை வாங்கிவிடாதீர்கள்.

இந்த ஹேர்ட்ஸ் விவகாரம் வெறும் புத்தகக் கணக்கு என்று எண்ண வேண்டாம். நீங்கள் செல்லும் ஒன்டாரியோ மாகாணமே இதை ஒருமுறை பெரும் பாடுபட்டுத் தீர்த்துக்கொண்டது. நயாகரா அருவியின் மின்சாரம் அங்கே பல பத்தாண்டுகள் 25 ஹேர்ட்ஸில்தான் வந்தது. 1949 முதல் 1959 வரையான பத்தாண்டுகளில் மாகாணத்தின் பெரும்பகுதியை 60 ஹேர்ட்ஸுக்கு மாற்றியபோது, வீடு வீடாகச் சென்று சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, மணிக்கூடு என்று மோட்டார் உள்ளவற்றை மாற்றியோ திருத்தியோ கொடுக்க வேண்டியிருந்தது. மகள் உங்களை நயாகராவுக்குக் கட்டாயம் அழைத்துச் செல்வார். சென்கிளயர் அருவியையும், 2012 முதல் மேல் கொத்மலையில் பிறக்கும் மின்சாரத்தையும் வீட்டுக்கு அருகிலேயே வைத்திருக்கும் தலவாக்கலைக்காரருக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. ஒன்டாரியோ மக்கள் இன்றும் மின்கட்டணத்தை "ஹைட்ரோ" என்றே சொல்வார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் தண்ணீர்க் கட்டணம் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆகவே மிக்ஸி, கிரைண்டர், ரைஸ் குக்கர், கொயில், அயன் ஐந்தும் வீட்டிலேயே இருக்கட்டும். பத்தியச் சமையல் தடைப்படும் என்ற கவலை வேண்டாம். ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் 110 வோல்ட்டுக்கென்றே செய்த மிக்ஸியும் கல் கிரைண்டரும் கிடைக்கின்றன. அங்குள்ள 120 வோல்ட் இணைப்பில் அவை இயல்பாக ஓடும். வாங்கும்போது பொருளின் மீது சி.எஸ்.ஏ. அல்லது அதற்கு நிகரான, கனடாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் மிச்சப்படுத்தும் எடையில் காய்ந்த வேப்பம்பூவையும் பத்தியச் சரக்குத் தூளையும் எடுத்துச் செல்லலாமா என்பது அந்நாட்டுச் சுங்க விதிகளைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது.

இனி நெபுலைசர். உங்கள் கடிதத்தில் என் மனத்தை உறுத்தியது இதுதான். மிக்ஸி ஓடாவிட்டால் சட்னி அம்மியில் அரையும். நெபுலைசர் ஓடாவிட்டால் இரவு இரண்டு மணிக்கு உங்கள் கணவருக்கு மூச்சு முட்டும். வீட்டில் பாவிக்கும் நெபுலைசர்களில் பல, உள்ளே சிறு காற்றுப் பம்பு உள்ளவை. அவற்றின் தகட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், 120 வோல்ட்டில் பம்பு ஓடாமல் போகலாம். ஓடுவது போலச் சத்தம் கேட்டு, மருந்துப் புகை மட்டும் மெலிதாக வருவதும் உண்டு. அதை நான் கூடுதலாக அஞ்சுகிறேன். மருந்து குப்பிக்குள் அப்படியே இருக்கும், மருந்து எடுத்தாயிற்று என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். டிரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம் என்று எவராவது சொன்னால், தகட்டில் 60 ஹேர்ட்ஸும் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அதைச் சிந்தியுங்கள்.

என் ஆலோசனை இது: நீங்கள் போய் இறங்கும் நாளுக்கு முன்பே அங்குள்ள மருந்தகத்தில் 120 வோல்ட் நெபுலைசர் ஒன்றை வாங்கி, ஒருமுறை ஓட்டிப் பார்த்து வைக்கும்படி மகளிடம் சொல்லுங்கள். காற்றுப் பம்பு இல்லாமல் நுண்ணிய வலையால் மருந்தைத் தூவும், பற்றரியிலோ யூ.எஸ்.பி. சார்ஜரிலோ இயங்கும் சிறிய மெஷ் நெபுலைசர்களும் உண்டு. அவை இரு நாட்டுக்கும் பொருந்தும், விமானத்திலும் கைப்பையில் வரும். ஆனால் எல்லா ஆஸ்துமா மருந்தும் எல்லா வகை நெபுலைசருக்கும் ஒத்துவராது என்பதால், அவருடைய மருந்துச் சீட்டைக் காட்டி வைத்தியரிடம் கேட்ட பிறகே அந்த வகையை வாங்க வேண்டும். அது மின் வேலை செய்பவன் முடிவு சொல்லும் விடயம் அல்ல. இன்ஹேலரையும், பாவிப்பவரானால் அதோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயையும், வைத்தியரின் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி ஒருநாள் பிந்தி வந்தாலும் அவருடைய மூச்சு அதற்காகக் காத்திருக்காது.

அடாப்டருக்கு வருவோம். சார்ஜர்களுக்கு உங்களுக்கு அது தேவை. ஆனால் ஹட்டனில் வாங்கியதை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். கனடாச் சுவரில் செருகும் பக்கத்தில் இரண்டு தட்டை முனைகள் மட்டும் இருந்தால் அதில் ஏர்த் இணைப்பு இல்லை. அவற்றோடு உருண்டையான மூன்றாவது முனையும் இருந்தால்தான் ஏர்த் இருக்கிறது. உலோக உடல் கொண்ட பொருட்களுக்கும், மூன்று முனைப் பிளக் உள்ள பொருட்களுக்கும் பொதுவாக ஏர்த் வேண்டும். உள்ளே ஒரு வயர் அறுந்து உலோகத்தில் பட்டால், மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் போகாமல் நிலத்துக்குப் போக அதுவே வழி. கைத்தொலைபேசி சார்ஜரின் மேல் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருப்பதைக் காண்பீர்கள். இரட்டைக் காப்பு உண்டு, ஏர்த் தேவையில்லை என்பது அதன் பொருள். அப்படிப்பட்டவற்றுக்கு இரண்டு முனை அடாப்டர் போதும்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. இரண்டு முனைப் பிளக் சதுரத் துளைச் சொக்கட்டுக்குள் போக மறுத்தால், மேலே உள்ள ஏர்த் துளைக்குள் ஒரு பேனையையோ ஈர்க்குக் குச்சியையோ செருகி, உள்ளே இருக்கும் மூடியைத் திறந்து, கீழ்த் துளைகளில் பிளக்கை நுழைத்துவிடுவோம். நான் சென்று பார்த்த லயன் அறைகளில், மூடி உடைந்து, துளை கறுத்து, பேனைத் துண்டு உள்ளேயே முறிந்து நிற்கும் சொக்கட்டுகளைக் கண்டிருக்கிறேன். அந்த மூடி குழந்தைகளின் விரலைத் தடுப்பதற்காக வைக்கப்பட்டது. இறுகப் பிடிக்காத முனையில் பொறி பறந்து சொக்கட் உருகுவதும் இதனால்தான். பயண அவசரத்தில் விமான நிலையத்திலோ தங்குமிடத்திலோ அந்த வித்தையைச் செய்ய வேண்டாம். வழியில் துபாய், டோஹா, லண்டன் எங்கே இறங்கினாலும் நம்மைப் போன்ற சதுர முனைச் சொக்கட்டும், 220 முதல் 240 வோல்ட்டுக்கு உட்பட்ட 50 ஹேர்ட்ஸ் மின்சாரமும்தான். நம் சார்ஜரை நேராகவே மாட்டலாம்.

மகளின் வீட்டில் பழகிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. இங்கே சொக்கட்டின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பிளக்கைக் கழற்றுகிறோம். அங்குள்ள சுவர்ச் சொக்கட்டுகளுக்குப் பெரும்பாலும் சுவிட்ச் கிடையாது. மாட்டிய கணமே மின்சாரம் வந்துவிடும். கழற்றும்போது தட்டை முனைகள் பாதி வெளியே வந்த நிலையிலும் மின்சாரம் இருக்கக்கூடும், ஆகவே பிளக்கின் உடலை மட்டும் பிடித்து நேராக இழுக்க வேண்டும். விரல் நுனி முனைப்பக்கம் நீளக் கூடாது, கையில் ஈரம் இருக்கக் கூடாது. குளியலறையிலும் சமையலறைத் தொட்டிக்கு அருகிலும் இரண்டு சிறிய பொத்தான்கள் உள்ள சொக்கட்டுகளைக் காண்பீர்கள். அது நம் ட்ரிப் சுவிட்சின் தம்பி. நம்முடையது பொதுவாக 30 மில்லிஅம்பியர் கசிவில் விழும். அது ஏறத்தாழ 5 மில்லிஅம்பியரிலேயே விழுந்துவிடும். மின்சாரம் நின்றால் பழுது என்று பயந்துவிடாமல் "ரீசெட்" பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். ஒரே பொருளை மாட்டும்போதெல்லாம் விழுந்தால், அந்தப் பொருளைப் பாவிக்க வேண்டாம்.

அங்குள்ள சாதாரணச் சுற்று 15 அம்பியர்; 120 வோல்ட்டில் அது 1800 வாட். நம் 13 அம்பியர் சொக்கட் ஒன்றே 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3000 வாட் தரும். கேத்தலையும் டோஸ்டரையும் ஒரே சுற்றில் மாட்டினால் பிரேக்கர் விழுவது இதனால்தான். சூடாக்கும் பொருள் எதையும், முக்கியமாகக் குளிருக்கு வைக்கும் அறை ஹீட்டரை, எக்ஸ்டென்ஷன் வயரிலோ மல்டி பிளக்கிலோ மாட்ட வேண்டாம். 1500 வாட் ஹீட்டர் அங்கே 12 அம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயர் கம்பளத்துக்கு அடியில் எவரும் பார்க்காமலே சூடேறும். ஹீட்டரைச் சுவர்ச் சொக்கட்டில் நேரே மாட்டி, கட்டிலின் போர்வையிலிருந்தும் பிள்ளையின் தொட்டிலிலிருந்தும் ஒரு மீற்றராவது தள்ளி வைத்து, தூங்கும் முன் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று: அந்த வீடுகளில் அடுப்புக்கும் துணி உலர்த்திக்கும் 240 வோல்ட் இணைப்பு உண்டு. அதிலிருந்து ஒரு வயர் இழுத்தால் நம் ஊர்ச் சாமான் ஓடுமே என்று யோசனை சொல்லும் உறவினர் ஒருவராவது இருப்பார். அங்கே இரண்டு வயரிலும் உயிர் மின்சாரம் இருக்கும். நம் பொருளின் ஒற்றைச் சுவிட்சை அணைத்தாலும் மற்ற வயர் வழியாக உள்ளே மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஒன்டாரியோவில் வீட்டு வயரிங் வேலையை மாகாண மின் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவித்தே செய்ய வேண்டும். அந்த யோசனையைத் தயவுசெய்து கேட்க வேண்டாம்.

பவர் பேங்க் எடுத்துச் செல்வீர்கள் என்றால் அது கைப்பையில்தான் வர வேண்டும். ஏற்றிவிடும் பெட்டிக்குள் கூடாது. லிதியம் பற்றரி சூடேறிப் புகைந்தால், பயணிகள் இருக்கும் இடத்தில் பணியாளர் கவனித்து அடக்க முடியும். கீழ் அறையில் எவரும் இல்லை. 100 வாட்-மணித்தியாலம் வரை அனுமதி கேட்கத் தேவையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். கணக்கு எளிது: 20,000 மில்லிஅம்பியர்-மணித்தியாலப் பவர் பேங்க்கை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வருகிறது, அது சரி. 30,000 என்றால் 111. அது சம்மதம் கேட்க வேண்டியது. பறக்கும்போது பவர் பேங்க் பாவிப்பதைச் சில நிறுவனங்கள் தடை செய்திருப்பதால், உங்கள் பயணச்சீட்டின் நிறுவனத்திடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் வெளியே சென்று விறைத்துப்போன தொலைபேசியை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் சார்ஜரில் மாட்டாமல், அறைச் சூட்டுக்கு வரவிட்டு மாட்டுங்கள். பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்த லிதியம் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதைப் பழுதாக்கும்.

திரும்பி வரும்போதுதான் உண்மையான ஆபத்து. இங்கிருந்து கொண்டுபோன பொருளுக்கு அங்கே மின்சாரம் போதாமல் போகிறது. அங்கிருந்து கொண்டுவரும் பொருளுக்கு இங்கே மின்சாரம் மிஞ்சிப்போகிறது. 120 வோல்ட்டில் 1500 வாட் இழுக்கும் ஹேர் டிரையரை அடாப்டர் மூலம் நம் 230 வோல்ட்டில் மாட்டினால் அது 5500 வாட்டை, ஏறத்தாழ 24 அம்பியரை இழுக்கப் பார்க்கும். ஃபியூஸ் அறுவதற்கு முன் உள்ளே இருக்கும் கம்பி வெண்சிவப்பாகப் பழுத்து, பிளாஸ்டிக் உருகிக் கையில் ஒட்டலாம். ரைஸ் குக்கர், கோப்பி இயந்திரம், அயன், நத்தார் மின்விளக்குத் தோரணம் எல்லாவற்றுக்கும் இதே விதி. அங்கே வாங்கும் நெபுலைசரும் 120 வோல்ட் மட்டும் என்றால் மகளின் வீட்டிலேயே அடுத்த பயணத்துக்காக இருக்கட்டும். சில ஹேர் டிரையர்களிலும் ஹேர் அயன்களிலும் நாணயத்தால் திருப்பும் சிறிய வோல்ட் சுவிட்ச் இருக்கும்; அதை 230 அல்லது 240 பக்கம் திருப்பிய பிறகே இங்கே மாட்ட வேண்டும். பொருளோடு அதைச் சொல்லி ஒரு காகிதத்தையும் பிளக்கில் கட்டி அனுப்பும்படி மகளிடம் சொல்லுங்கள், ஏனெனில் இங்கே அதை மாட்டப்போவது நீங்களாக இல்லாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

வளைகுடாவிலிருந்து திரும்பும் சகோதரிகள் பலர் நம் தோட்டங்களில் இருப்பதால் அவர்களுக்கும் ஒரு வரி: குவைத், கத்தார், அமீரகம் ஆகிய நாடுகளின் 50 ஹேர்ட்ஸ் பொருட்கள் பொதுவாக இங்கே ஒத்துப்போகும். சவூதியில் 60 ஹேர்ட்ஸ். பழைய வீடுகளில் 127 வோல்ட்டும் இருந்தது. அங்கிருந்து வரும் பொருளின் தகட்டைப் படிக்காமல் மாட்டவே கூடாது.

புறப்படும் நாளில் தலவாக்கலை வீட்டின் குளிர்சாதனப் பெட்டியை வெறுமையாக்கித் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வைத்து, எல்லாப் பிளக்குகளையும் தொலைக்காட்சியின் அன்டெனா வயரையும் கழற்றி, மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நீங்கள் இல்லாத மாதங்களில் நவம்பர் இடியும் மார்ச், ஏப்ரல் இடியும் வரும். மெயின் சுவிட்ச் மட்டும் அணைந்திருந்தால் மின்னல் அன்டெனா வழியாக உள்ளே வரத் தடையில்லை. அதற்கு முன்பாக, கணவருடைய நெபுலைசரின் அடித்தகட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள். அதில் உள்ள இலக்கங்களைப் பார்த்து, அது பயணத்துக்கு ஏற்றதா என்பதை நவம்பருக்கு முன் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.